திருச்சபை என்பது யார்? பரங்கிமலை முதல் தாம்பரம் வரை ஒரு வரலாற்றுப் பார்வை



விழா மலரைக் கையில் எடுப்பவர்கள் முதலில் தேடுவது கோவிலின் வரலாற்றை. அடிக்கல் நாட்டியது எந்த ஆண்டு, மந்திரித்துத் திறந்து வைத்த ஆயர் யார், பீடம் அமைத்த பங்குத் தந்தை யார், மணி வாங்கிக் கொடுத்த குடும்பம் எது என்று அறிய நம் எல்லோருக்கும் ஆவல் உண்டு. அது நியாயமான ஆவலே. ஆயினும் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது அவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒரு கேள்வி. கோவிலைச் சுட்டிக் காட்டுவது எளிது. திருச்சபையைச் சுட்டிக் காட்டச் சொன்னால் நாம் யாரைக் காட்டுவோம்?

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் திருச்சபையைக் குறிக்கும் சொல் 'எக்ளேசியா'. அழைப்பைக் கேட்டுக் கூடியவர்கள் என்பது அதன் பொருள். கட்டடம் என்ற பொருள் அச்சொல்லுக்குக் கிடையாது. தொடக்க நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் கூடினார்கள். அவர்கள் தங்களுக்குள் கொண்டிருந்த உறவுக்கு 'கொய்னோனியா' என்று பெயர். ஒன்றில் பலரும் பங்குகொள்ளுதல் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

இங்கே நம் தாய்மொழியின் அழகைக் கவனியுங்கள். தமிழ்க் கத்தோலிக்கர் நாம் நமது ஊர்த் திருச்சபையைப் 'பங்கு' என்று அழைக்கிறோம். அந்தக் கிரேக்கச் சொல்லின் உயிர்ப்பொருள் நம் அன்றாடப் பேச்சில் தானாகவே வந்து அமர்ந்திருக்கிறது. அதே சொல்லிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லும் நம்மிடம் உண்டு: பங்காளி. ஒரே தகப்பன் சொத்தில் உரிமை உள்ளவன் பங்காளி. வரப்புக்காக நீதிமன்றம் வரை போகிறவனும் அதே பங்காளிதான். கிறிஸ்தவர்களின் நீண்ட வரலாறு இவ்விரு சொற்களுக்குள் அடங்கிவிடும். அதைக் காண நாம் ரோமாபுரிக்கோ ஜெர்மனிக்கோ போக வேண்டியதில்லை. பரங்கிமலைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயிலில் செல்லும் தூரமே போதும்.

ஒரே மலை, பல பிள்ளைகள்

புனித தோமையார் கி.பி. 72-ல் பரங்கிமலையில் இரத்தம் சிந்தினார் என்பது நம் மரபு. மலையுச்சியில் போர்த்துக்கீசியர் 1523-ல் கோவில் எழுப்பினர். 1547-ல் அங்கே நிலத்தைத் தோண்டியபோது பாலவி மொழி எழுத்துக்கள் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. பாரசீகத் திருச்சபையோடு உறவுடைய கிறிஸ்தவர்கள், போர்த்துக்கீசியர் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இம்மலையில் செபித்தார்கள் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. ஆகவே இந்த மலை எந்த ஒரு பிரிவாரின் தனிச் சொத்தாகவும் தொடங்கவில்லை. கேரளத்துச் சீரோ மலபார் மக்கள், யாக்கோபியர், ஆர்த்தடாக்ஸ் சபையார், மார்த்தோமா சபையார் ஆகிய அனைவரும் தோமையாரைத் தங்கள் தந்தை என்றே சொல்கின்றனர். மலையடிவாரத்தில் ஆங்கிலேயப் படைவீரருக்காகக் கட்டப்பட்ட ஆலயமும் அவர் பெயரையே தாங்கி, இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்து நிற்கிறது.

அர்மேனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்பவரையும் இங்கு நினைவுகூர வேண்டும். மலையேறும் யாத்திரிகருக்குப் படிக்கட்டு அமைத்துக் கொடுத்த புண்ணியவான் அவர். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் கட்டியவரும் அவரே. அவ்விடத்தில்தான் இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. ஆற்றைக் கடக்க வந்தவன் இந்துவா, இஸ்லாமியனா, கிறிஸ்தவனா என்று அந்தப் பாலம் கேட்டதில்லை.

பங்காளிச் சண்டை

ஆனால் அதே காலத்தில் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்விகள் வேறு வகையானவை.

கத்தோலிக்கருக்குள்ளேயே இரண்டு ஆட்சிகள் இருந்தன என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். 1606-ல் தோன்றிய மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்த்துக்கல் அரசரின் ஆதரவு உரிமையின் கீழ் இருந்தது. இதற்குப் 'பத்ரோவாதோ' என்று பெயர். 1622-ல் உரோமையில் நிறுவப்பட்ட விசுவாசப் பரப்புதல் பேராயம், அதாவது 'புரொப்பகாந்தா', அனுப்பிய குருக்கள் வேறொரு அணியினர். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், புனித ஜார்ஜ் கோட்டையில் மறைப்பணியாற்றிய எப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியைச் சாந்தோமிலிருந்த போர்த்துக்கீசியர் பிடித்துக் கோவாவிலிருந்த விசாரணை மன்றத்துக்கு அனுப்பினர். அவரைச் சிறைவைத்தவர்கள் கத்தோலிக்கர். அவரது விடுதலைக்காக முயன்றவர்களில் கோட்டையிலிருந்த ஆங்கிலேயப் புரோட்டஸ்டாண்டுகளும் இருந்தனர்!

இந்த இரட்டை ஆட்சி எளிதில் தீரவில்லை. ஒரே நகரில், ஒரே விசுவாசத்தை அறிக்கையிட்டவர்கள், இரு ஆயர்களின் கீழ் இரு பிரிவாக நின்றனர். 1952-ல்தான் சென்னை உயர்மறைமாவட்டமும் மயிலாப்பூர் மறைமாவட்டமும் ஒன்றாக்கப்பட்டன. இணைந்த மறைமாவட்டத்தின் முதல் பேராயர் சலேசிய சபையைச் சேர்ந்த லூயி மத்தியாஸ் ஆண்டகை. 'சென்னை மயிலை' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் பெயருக்குப் பின்னால் முந்நூறு ஆண்டு வழக்கு ஒன்று முடிந்த கதை இருக்கிறது. அந்த உயர்மறைமாவட்டத்திலிருந்து 2002-ல் செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்தது. இது பாகப்பிரிவினை அன்று. பிள்ளை வளர்ந்து தனிக்குடித்தனம் போனது.

புரோட்டஸ்டாண்டு சகோதரர்களோடு நடந்த சண்டை இதைவிடக் கசப்பானது. 1746 முதல் 1749 வரை சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஊர் திரும்பக் கிடைத்ததும், கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னவர்கள் என்று ஆங்கிலேயர் ஐயுற்றனர். கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கக் கோவிலை இடித்தனர். பாலம் கட்டிய அதே உஸ்கான் வேப்பேரியில் எழுப்பிய சிற்றாலயத்தை 1752-ல் லுத்தரன் மிஷனரிகளிடம் ஒப்படைத்தனர். அங்கே பணியாற்றிய பப்ரிசியுஸ் ஐயர் பின்னர் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பால் பெரும் புகழ் பெற்றார். நமக்கு அது பறிபோன கோவில். அவர்களுக்கு அது வேதம் தமிழில் மலர்ந்த இடம். இரண்டும் உண்மை.

மறுபுறத்தையும் மறைக்கலாகாது. தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்' போன்ற நூல்களை எழுதினார். தமிழ் உரைநடை அதனால் வளர்ந்தது. தமிழ்க் கிறிஸ்தவரின் உறவு வளரவில்லை. ஐரோப்பாவில் மூண்ட வழக்குகள் கப்பலேறி வந்து, அந்த வழக்குகளின் காரணத்தையே அறியாத நம் பாட்டன் பூட்டன்மாரைப் பிரித்து வைத்தன.

தாம்பரத்தில் கூடிய உலகம்

இனி நம் ஊருக்கு வருவோம். 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டே அந்தப் புதிய வளாகத்துக்கு உலகம் வந்து சேர்ந்தது.

அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை அங்கே நடைபெற்றது. முதலில் சீனாவில் ஹாங்சௌ நகரில் கூடுவதாக இருந்தது. ஜப்பான் சீனாவின்மீது தொடுத்த போரால் அது தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது. அமெரிக்கரான ஜான் மோட் தலைமை தாங்க, 69 நாடுகளைச் சேர்ந்த 471 பேர் கூடினர். அவர்களில் சரிபாதி அளவினர் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். பிற்காலத்தில் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்கத் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி வந்திருந்தார். யாழ்ப்பாணத் தமிழரான இளைஞர் டி. டி. நைல்ஸ் வந்திருந்தார். ஒருவரையொருவர் குண்டு வீசிக் கொன்றுகொண்டிருந்த சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த கிறிஸ்தவர்கள் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து செபித்தார்கள். திருச்சபை என்பது யார் என்ற கேள்விக்கு, தீர்மானங்களைவிட அந்தக் காட்சியே சிறந்த விடை எனலாம்.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்து, 1912-ல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற பெருமை பெற்ற அசரியாவும் அங்கு இருந்தார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் எங்களுக்கு உழைப்பையும் பொருளையும் தந்தீர்கள், நட்பைத் தரவில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். தோழமை என்பது தான தருமம் செய்வதன்று, சரிநிகராக அமர்வது என்ற உண்மையை ஒரு தமிழர் உலகத் திருச்சபைக்குக் கற்பித்த நாள் அது. தாம்பரத்தில் இளைய திருச்சபைகளின் பேராளர்கள் ஒன்றுசேர்ந்து, எங்களைப் பிரித்து வைக்காதீர்கள், ஒன்றாக விடுங்கள் என்று மூத்த திருச்சபைகளிடம் வேண்டிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு சென்னையிலிருந்து வேறொரு குரலும் எழுந்தது. வழக்கறிஞர் செஞ்சையா, தொழிற்சங்கத் தலைவரும் பின்னர் சென்னை மேயருமான சக்கரை முதலிய அன்பர்கள் 'இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்' என்ற பொருளில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார்கள். கிறிஸ்து இந்தியாவுக்கு வேண்டும். மேலைநாட்டு அமைப்பும் சட்டமும் நிதிக்கணக்கும் கொண்ட சபை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கத்தோலிக்கர் நாம் இதை முழுதும் ஏற்க இயலாது. திருவருட்சாதனங்களும், திருத்தூதர் வழிவந்த ஆயர்களும் கிறிஸ்துவின் கொடை என்பது நம் விசுவாசம். எனினும் சபை தன் அமைப்பையே பாதுகாத்துக்கொண்டு ஆண்டவரை மறந்துவிடும் ஆபத்தை அவர்கள் கண்டார்கள். அந்த எச்சரிக்கை எந்தச் சபைக்கும் தேவையானதே.

அந்தப் பதினெட்டு நாட்களும் கத்தோலிக்கத் திருச்சபையின் பேராளர் எவரும் அங்கே இல்லை. 1928-ல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் விடுத்த சுற்றுமடல் இத்தகைய கூட்டங்களில் கத்தோலிக்கர் கலந்துகொள்வதைத் தடைசெய்திருந்தது. உண்மையை விட்டுக்கொடுத்து வாங்கும் ஒற்றுமை ஒற்றுமையாகாது என்ற அச்சமே அதற்குக் காரணம். அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதன் விலையை அண்டை வீட்டாரே கொடுத்தார்கள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, பிற சபையாரின் வழிபாட்டில் கத்தோலிக்கர் பங்கெடுக்கக் கூடாது. திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் போகலாம், ஆனால் மரியாதைக்காக நிற்கலாம் என்ற அளவோடு சரி. ஒரே கிணற்றில் நீர் எடுத்தவர்கள், ஒரே ரயிலில் வேலைக்குப் போனவர்கள், ஒருவர் இறந்தபோது மற்றவர் சேர்ந்து ஒரு செபம் சொல்ல முடியாமல் வாய்மூடி நிற்கும் காலம் அது.

திறந்த கதவுகள்

1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் நீடித்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக உருப்பெற்றது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றாயினர். ஆயர்கள் உள்ள சபையும் ஆயர்கள் இல்லாத சபைகளும் இவ்வாறு இணைந்தது மறுமலர்ச்சிக் காலத்துப் பிளவுக்குப்பின் உலகில் அதுவே முதல் முறை. அதற்காகப் பாடுபட்ட அசரியா அந்த நாளைக் காணவில்லை; 1945 புத்தாண்டு தினத்தன்று அவர் இறைவனடி சேர்ந்திருந்தார்.

நம் பக்கத்துக் கதவைத் திறந்தவர் திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர். 1959 சனவரி 25, கிறிஸ்தவ ஒற்றுமைக்கான செப நாட்களின் இறுதிநாளில் அவர் பொதுச்சங்கத்தை அறிவித்தார். 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றியும் கிறிஸ்தவ ஒற்றுமையைப் பற்றியும் இரு ஏடுகளை ஒரே நாளில் வெளியிட்டது. முதல் ஏடு, ஆட்சியமைப்பை விளக்குவதற்கு முன் இறைமக்களைப் பற்றிப் பேசியது. இரண்டாவது ஏடு, பிளவுக்கு இருதரப்பாரும் பொறுப்பு என்று சொல்லி மன்னிப்பு வேண்டியது. முறையாகத் திருமுழுக்குப் பெற்ற எவரும் நம்மோடு முழுமையாக இல்லாவிடினும் மெய்யாகவே உறவுடையவர் என்றது. தென்னிந்தியத் திருச்சபைச் சகோதரர் ஒருவர் கத்தோலிக்கராகும்போது அவருக்கு மீண்டும் நீர் ஊற்றுவதில்லையே, ஏன்? அவர் ஏற்கெனவே நம் பங்காளி என்பதால்தான்.

சொற்களே எழுப்பிய சுவர் ஒன்றும் இருந்தது. நாம் சேசு என்றோம், அவர்கள் இயேசு என்றார்கள். நம் இராயப்பர் அவர்களுக்குப் பேதுரு. நம் சின்னப்பர் அவர்களுக்குப் பவுல். நம் அருளப்பர் அவர்களுக்கு யோவான். ஒரே தெருவில் குடியிருந்த இராயப்பனுக்கும் பீட்டருக்கும் தங்கள் பாதுகாவலர் ஒருவரே என்பது தெரியாமல் போகக்கூடிய நிலை. கத்தோலிக்க அறிஞரும் பிற சபை அறிஞரும் கூடி உழைத்ததன் பயனாக 1995-ல் 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. நாம் இராயப்பரை விட்டுப் பேதுருவை ஏற்றோம். நம் முதியவர் சிலருக்கு அது உறவினரை இழந்ததுபோல் இருந்தது உண்மை. பிற சபையார் பலர் இன்றும் தங்கள் பழைய வேதாகமத்தையே வாசிக்கின்றனர். ஆயினும் ஒரே மேசையில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லாக ஒப்புக்கொண்டார்களே, அதுவே பெரும் தோழமைச் செயல்.

நாமே கட்டிய சுவர்

இதுவரை சொன்ன பிளவுகள் கடல் கடந்து வந்தவை. கடல் கடக்காத பிளவு ஒன்று உண்டு. அது சாதி. வடக்கன்குளத்துக் கோவில் இரு சாதியார் இரு பக்கம் அமரும்படி இரு கால்கள் போன்ற வடிவில் கட்டப்பட்டதை வரலாறு மறக்கவில்லை. கல்லறைத் தோட்டங்களுக்குள்ளும் சுவர்கள் எழுந்தன. இதை லுத்தர் கொண்டுவரவில்லை, போர்த்துக்கீசியரும் கொண்டுவரவில்லை. 2003 நவம்பரில் உரோமை சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதி வேற்றுமையின் சாயல்கூட மெய்யான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று எடுத்துரைத்தார்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற புறநகர்கள் இவ்வகையில் இறைவன் கொடுத்த வாய்ப்பு. தூத்துக்குடி, நாகர்கோவில், இராமநாதபுரம், ஆற்காடு என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள் இங்கே ஒரே பங்கில் சேர்ந்தனர். ஊரில் தனித்தனித் தெருவில் இருந்தவர்கள் இங்கே அடுத்தடுத்த பெஞ்சில் அமர்கின்றனர். ஆனால் திருப்பலி முடிந்ததும் பெண் பார்ப்பதற்கும் மாப்பிள்ளை தேடுவதற்கும் பழைய தெருவுக்கே திரும்பிப் போகிறோமானால், ஒரே பந்தியில் அப்பம் உண்டதன் பொருள் என்ன?

பங்கு என்ற பெயருக்கு ஏற்ப

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மிதந்தபோது, சோற்றுப் பொட்டலம் கொண்டு வந்தவனின் சபை எது என்று யாரும் கேட்கவில்லை. துன்ப நாளில் கைகூடும் தோழமை சாதாரண நாளிலும் கைகூட வேண்டும். அதற்காகவே நம் பங்குகளில் 'அன்பியங்கள்' அமைந்தன. சில குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி இறைவார்த்தையைப் பகிர்வது ஆதித் திருச்சபையின் முறையேயன்றிப் புதுமை அன்று. அங்கேதான் யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் நோயாளி, எந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லை என்பது தெரியவரும். ஞாயிறு பூசையில் முதுகை மட்டும் பார்த்தவர்கள் அன்பியத்தில் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இன்று நம் கோவில்களின் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்ப்போம். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்த கத்தோலிக்க இளைஞர்கள் அங்கே நிற்கக் கூடும். பூசையின் ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் எங்கே எழ வேண்டும், எங்கே முழந்தாளிட வேண்டும் என்று அறிந்தவர்கள். அவர்கள் எந்த அன்பியத்தில் இருக்கிறார்கள்? திருநெல்வேலியிலிருந்து வந்த நம் தந்தையருக்கு அன்று யாரோ ஒருவர் வீடு பிடித்துக் கொடுத்ததால்தானே நாம் இன்று இந்த ஊர்க்காரர் ஆனோம்?

ஆகவே இவ்விழா ஆண்டில் நாம் செய்யத்தக்கவை சிலவற்றை வேண்டுகோளாக முன்வைக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் சனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒற்றுமை செப வாரத்தில் அருகிலுள்ள பிற சபையாரை நம் கோவிலுக்கு அழைப்போம். அவர்கள் அழைத்தால் செல்வோம். மார்ச்சு முதல் வெள்ளியன்று நடைபெறும் பெண்களின் உலக செப நாளில் நம் தாய்மார் பங்கேற்கட்டும். பிற சபை அன்பர் வீட்டு அடக்கத்துக்குப் போனால் வாசலோடு நில்லாமல் சேர்ந்து செபிப்போம். இன்று அதற்குத் தடையில்லை. ஒரே நற்கருணைப் பந்தியில் அமர நமக்கு இன்னும் காலம் கனியவில்லை. அந்த வேதனையை மறைக்க வேண்டாம். அதுவே நம்மைச் செபிக்கத் தூண்டட்டும். 2025-ல் நிசேயா பொதுச்சங்கத்தின் 1700-ஆம் ஆண்டை எல்லாச் சபைகளும் நினைவுகூர்ந்தன. அங்கே பிறந்த விசுவாச அறிக்கையில் திருச்சபை ஒன்று என்று நாமும் சொல்கிறோம், அவர்களும் சொல்கிறார்கள்.

திருச்சபை என்பது யார் என்று நம் பிள்ளைகள் கேட்டால், கோபுரத்தை மட்டும் காட்டி அனுப்பிவிட வேண்டாம். பக்கத்து பெஞ்சில் இருப்பவரின் பெயரைச் சொல்வோம். அடுத்த தெரு ஆலயத்துக்குப் போகிறவரின் பெயரையும் கடைசி வரிசையில் நிற்கும் அயலூர்த் தம்பியின் பெயரையும் சொல்வோம். அவர்கள் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! இந்த விழா ஆண்டு அதைக் கேட்டறிவதில் தொடங்கட்டும். ஐயத்தையும் விசுவாசத்தையும் ஒருங்கே அறிந்த நம் தந்தை தோமையார் நமக்காகப் பரிந்து பேசுவாராக.